அஞ்சு வெள்ளி சிடியும் அரைகுறை கேமும்: மனதில் பட்டதைச் சொல்லுங்கள்

பால்மங்கு (இழையைத் தொடங்கியவர்) | சனி இரவு 10:52

சுங்கை சிப்புட்டில் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மாவையும் அழைத்துக்கொண்டு தாமான் வீட்டுக்கு (புதுக் குடியிருப்பு) மாறுகிறோம். அலமாரிக்கு மேலே கிடந்த பிஸ்கட் டின்னை இறக்கினால் உள்ளே அறுபது, எழுபது சிடி. பாதியில் பேனாவால் எழுதிய பெயர் அழிந்துவிட்டது. மீதியில் எறும்பு. எல்லாம் பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) ஒன்று அஞ்சு வெள்ளி (ரிங்கிட்), மூன்று எடுத்தால் பன்னிரண்டு என்று வாங்கியவை.

வின்னிங் லெவன், டெக்கன் மாதிரி எல்லாருக்கும் தெரிந்த கேம்கள் பற்றி இங்கே வேண்டாம். அதைப் பேச ஒட்டுக்கடையில் ஆள் இருக்கிறார்கள். எனக்கு வேண்டியது கோணல்மாணலான கேம்கள். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டவை, பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கூடப் பெயர் தெரியாதவை. பிடித்தால் ஏன் பிடித்தது, எரிச்சல் வந்தால் ஏன் வந்தது என்று ஒளிக்காமல் எழுதுங்கள். ஒரே நிபந்தனை, நீங்களே விளையாடியிருக்க வேண்டும். யூடியூப்பில் பார்த்தது கணக்கில் வராது.

நானே பிள்ளையார் சுழி போடுகிறேன்: காட் ஹேண்ட், 2006, பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2). கேப்காமின் குளோவர் ஸ்டூடியோ செய்தது. இயக்கியவர் ஷின்ஜி மிகாமி, ரெசிடென்ட் ஈவில் 4 செய்த அதே மனிதர். பார்க்க அழகே கிடையாது. கேமரா நாயகனின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், பின்னால் யார் வருகிறான் என்று தெரியாது. கன்ட்ரோலரின் வலது குச்சியைத் தள்ளினால் கேமரா திரும்ப வேண்டும், அதுதான் ஊர் வழக்கம். இதில் தள்ளினால் ஆள் தலையை வளைப்பான், பக்கவாட்டில் தாவுவான், பின்னால் குட்டிக்கரணம் அடிப்பான். ஐஜிஎன் விமர்சனத் தளம் பத்துக்கு மூன்று போட்டது.

முதல் தெருவில் நிற்கும் ரவுடிகளிடமே நான் இருபது தடவை செத்தேன். சிடியைத் திருப்பிக் கொடுத்து அஞ்சு வெள்ளியை வாங்கிவிடலாம் என்று கூட நினைத்தேன் (அந்த அங்கிள் திருப்பி வாங்கியதாகச் சரித்திரமே இல்லை). அப்புறம் ஒரு மழை மதியம், மின்சாரம் போய் வந்த பிறகு சும்மா போட்டேன். எதிராளி கையை ஓங்கினான். என் கட்டை விரல் தானாக மேலே தள்ளியது, தலை வளைந்தது, அடி காற்றில் போனது. அப்போதுதான் புரிந்தது. கேமரா பார்க்க வேண்டிய விரலை உயிரைக் காப்பாற்றும் வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். அது பிழை கிடையாது. ஒருவர் மேசை முன் உட்கார்ந்து எடுத்த முடிவு.

திரையின் கீழே எதிரிகள் எவ்வளவு கடுமை என்று காட்டும் ஒரு மானியும் உண்டு. நன்றாக அடித்தால் லெவல் 1, 2, 3 என்று ஏறி ‘டை’ வரை போகும். அடி வாங்கினால் இறங்கும். நம் ஊர்க் கபடி ஆட்டத்தில் எதிரணி லேசாக விட்டுக்கொடுக்கிறதா இல்லையா என்று தெரியுமே, அந்த மாதிரி.

அதனால் என் கட்சி இது. குறை இரண்டு வகை. ஒன்று, யாரோ பிடிவாதமாக வைத்தது. இன்னொன்று, யாரும் கவனிக்காமல் விட்டது. முதல் வகையை நான் மன்னிப்பேன், நேசிக்கவும் செய்வேன். இரண்டாவதற்கு மன்னிப்பு கிடையாது. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.


தே-ஓ-ஐஸ் | சனி இரவு 11:07

அதே கேமில் சூதாட்டக் கூடத்தில் சிஹுவாஹுவா நாய்ப் பந்தயம் இருக்கிறதே, அதை எப்படி விட்டீர்கள்? நான் பாதி அடிமுறைகளை வாங்கியது நாய் ஜெயித்த காசில்தான். அந்த ஸ்டூடியோவை அடுத்த வருடமே மூடிவிட்டார்கள். பாவம்.


புதுமுகம்2009 | சனி இரவு 11:15

நான் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்னால் வந்த கேமா 😅

அண்ணே, இரண்டாவது வகைக்கு உதாரணம் நான் தருகிறேன். பிக் ரிக்ஸ், 2003. நானே இறக்கி விளையாடினேன், சத்தியம். லோரி ரேஸ். ஆனால் எதிரி லோரி கிளம்பவே கிளம்பாது. வீட்டுக்குள் புகுந்து அந்தப் பக்கம் வரலாம். பாலத்தில் ஏறினால் பாலம் தாங்காது, ஊடாகக் கீழே போய்விடுவோம். மலையில் செங்குத்தாக ஏறலாம். ரிவர்ஸில் மிதித்துக்கொண்டே இருந்தால் வேகம் கூடிக்கொண்டே போகும், முடிவே இல்லை. கடைசியில் ஒரு கோப்பை, ‘யூ ஆர் வின்னர்’ என்று. அந்த ஆங்கிலம் கூடத் தப்பு.

நாற்பது நிமிடம் வயிறு வலிக்கச் சிரித்தேன். அதற்கும் மன்னிப்பு கிடையாதா?


பால்மங்கு | சனி இரவு 11:21

கிடையாது. நீ சிரித்தது கேமைப் பார்த்து, கேமோடு சேர்ந்து இல்லை.


ஐந்தாம்கட்டை | சனி இரவு 11:48

இப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்தேன். தம்பிமாரே, நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், பத்தொன்பது வருடம். எனக்குப் பிடித்த கேமில் நாயகன் என்ன வேலை செய்கிறான் தெரியுமா? ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான்.

ஷென்மூ. 1999 கடைசியில் செகாவின் ட்ரீம்காஸ்ட் கேம் மெஷினுக்கு வந்தது. 1986-இல் ஜப்பானில் யோகோசுகா என்ற ஊர். அப்பாவைக் கண் முன்னே கொன்றவனைத் தேடிப் பழிவாங்கப் புறப்படுகிற பையன். சரி, பெரிய சண்டைப் படம் என்று நினைத்தால் தெருத் தெருவாகப் போய் மாலுமிகளை எங்கே பார்க்கலாம் என்று கேட்டுத் திரிகிறான். மெஷினில் சோடா வாங்கிக் குடிக்கிறான். பொம்மை மெஷினில் காசு போடுகிறான். இரவு ஏழு மணிக்கு ஒருவனைப் பார்க்க வேண்டும் என்றால் ஏழு மணி வரை நாம் காத்திருக்கவேண்டும், நேரத்தைத் தள்ள வழியில்லை. பாதிக் கதைக்கு மேல் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்து பெட்டி ஏற்றுகிறான். காலையில் ரேஸ், மதியம் சாப்பாடு, ஐந்து மணிக்கு வேலை முடிவு.

அந்தக் காலை ரேஸ் மட்டும் சுத்தப் பொய். எங்கள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்டில் ரேஸ் விட்டால் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இந்த வண்டிக்குப் பின் சக்கரம்தான் திரும்பும். முன்னால் கொஞ்சம் ஒடித்தால் வால் வீசும், புதுப் பையன்கள் தூணில் இடிப்பது அதனால்தான். நானும் இடித்திருக்கிறேன், இடது கையில் தழும்பு இருக்கிறது.

ஆனால் ஒன்று. அந்தப் பையன் கையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்ப்பான் பாருங்கள். நான்கு ஐம்பதுக்கு நான் பார்க்கும் அதே பார்வை. இதை எழுதியவன் எங்கேயோ சம்பளத்துக்கு நின்றிருக்கிறான்.

2018-இல் மறுபடி வெளியிட்டபோது மகன் பிஎஸ்4-இல் வாங்கிக் கொடுத்தான். வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, “அங்கே ஓட்டினது பத்தலையா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

கேம் நல்ல கேமா? பத்துக்கு ஆறு. சண்டைக்கு நடுவில் திடீரென்று பட்டனை அமுக்கச் சொல்கிற இடங்கள் உயிரை வாங்கும். ஆனாலும் என் ஆறு இது, யாருக்கும் கொடுக்க மாட்டேன்.


கிராணிமகள் | ஞாயிறு காலை 7:30

அண்ணன் பதிவைப் படித்துவிட்டுத் தோசைக் கல்லைக் கருக விட்டேன்.

என் வீட்டில் அப்பா தோட்டத்து ஆபீஸிலிருந்து கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்தார். அதனால் நான் பிசி ஆள். டெட்லி பிரெமனிஷன், 2010. ஐஜிஎன் பத்துக்கு இரண்டு கொடுத்தது, டிஸ்ட்ரக்டாய்டு என்ற இன்னொரு தளம் பத்துக்குப் பத்து. விமர்சகர்களை இப்படிப் பிரித்ததற்காகக் கின்னஸ் புத்தகத்திலேயே இடம் பிடித்தது. இரண்டு பேரும் சரியாகத்தான் சொன்னார்கள், அதுதான் வேடிக்கை.

கொலையைத் துப்பறிய வருகிற எஃப்பிஐ அதிகாரி யார்க், எந்நேரமும் ‘ஸாக்’ என்ற கண்ணுக்குத் தெரியாத ஒருவனிடம் பேசுகிறார். அந்த ஸாக் நாம்தான் என்று நினைத்துக்கொண்டு விளையாடுவோம். காபிக் கோப்பையில் பால் சுழன்று எழுத்தாகத் தெரிகிறதாம், அதை வைத்து ஜோசியம் பார்க்கிறார். என் பாட்டி சாமி விளக்கில் பார்த்த மாதிரி. சவரம் செய்யாவிட்டால் தாடி வளரும். சட்டையை மாற்றாவிட்டால் ஈ மொய்க்கும். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவருக்கும் நாள் முழுக்க ஒரு நடமாட்டம் உண்டு, ஜன்னலில் எட்டிப் பார்க்கலாம்.

கார் ஓட்டுவதோ டிராக்டர் ஓட்டுவது போல. ஆனால் வைப்பர் போடலாம், திரும்ப சிக்னல் விளக்குப் போடலாம்! எதற்கு? ஒன்றுக்கும் இல்லை. துப்பாக்கிச் சண்டை மகா மட்டம். 2013-இல் பிசிக்கு வந்தபோது திரையளவை 720-க்கு மேல் மாற்ற முடியவில்லை. ரசிகர் ஒருவர் உடனே உட்கார்ந்து சரிசெய்து வெளியிட்டார். இங்கேதான் பால்மங்குவின் இரண்டு வகை எனக்கு இடிக்கிறது. ஒரே கேமில் சிக்னல் விளக்குக்கு நேரம் ஒதுக்கிய ஆள் ஒருவர், துப்பாக்கியைக் கவனிக்காமல் விட்ட ஆள் ஒருவர். இரண்டும் ஒரே ஆளாகவும் இருக்கலாம். பிரித்து வைத்து ஒன்றை மட்டும் எப்படி மன்னிப்பது?

இன்னொரு சின்ன விஷயம். பாய்லிங் பாயிண்ட் என்று 2005-இல் உக்ரேனியர்கள் செய்த கேம். திருத்தங்களைப் பட்டியலிட்டபோது அதில் ஒரு வரி, ‘நிலாவின் அளவு சரிசெய்யப்பட்டது’. இன்னொன்று, ஜாகுவார் மரத்து உயரத்தில் மிதந்து போவது சரிசெய்யப்பட்டது என்று. எனக்கு அந்தப் பட்டியல்தான் கேமைவிடப் பிடிக்கும்.


தே-ஓ-ஐஸ் | ஞாயிறு காலை 8:02

மரத்து உயரத்தில் புலி. எங்கள் செம்பனைத் தோட்டத்தில் வெட்டுக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிடாதீர்கள், நாளைக்கு லீவு கேட்பார்கள்.


புதுமுகம்2009 | ஞாயிறு காலை 10:40

உள்ளூர்ச் சரக்கு ஒன்றும் வரவில்லையே? நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ், 2020. நம் மலேசியாவின் மெட்ரோனோமிக் ஸ்டூடியோ செய்தது. ஃபைனல் ஃபேண்டஸி 15-இல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்த வான் ஹஸ்மர்தான் தலைமை. பாட்டு எல்லாம் அள்ளும். ஆனால் தாளத்துக்கு ஆடுவது எதிரிதான், நான் கண்டபடி பட்டனைத் தட்டினாலும் போய்க்கொண்டே இருக்கிறது. கேமரா தூரத்தில் நிற்கும்போது எது எங்கே விழுகிறது என்றே தெரியாது.

அதில் டிகே வெஸ்ட் என்ற பாத்திரம் வந்து வாயாங் கூலிட் பாவை நிழலோடு மலாயில் ராப் போடும் இடம் வந்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். அப்பா அறையிலிருந்து வந்து, “இது கேமா?” என்று நின்று பார்த்தார். அவர் என் கேமை நின்று பார்த்தது அது ஒரு தடவைதான்.


ஆற்றோரம் | ஞாயிறு காலை 11:15

தமிழர் கதை ஒன்று உண்டே. வெண்பா, 2023. கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பம், இட்லி, புட்டு, பிரியாணி. பாதி அழிந்துபோன அம்மாவின் சமையல் புத்தகத்தைப் பார்த்து விடுபட்டதை நாம் கண்டுபிடிக்க வேண்டும். பிரிட்டனின் பாஃப்டாவில் அறிமுக கேம் விருது வாங்கியது. குறை என்றால், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. தப்பாகச் சமைத்தால் உடனே திரும்பத் தொடங்கச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் தப்பாகச் சமைத்தால் அதைத்தான் மூன்று வேளையும் சாப்பிட வேண்டும்.


பால்மங்கு | ஞாயிறு மதியம் 1:20

கிராணிமகள் அக்கா என்னை யோசிக்க வைத்துவிட்டீர்கள். பதில் பிறகு. அதற்குள் டின்னில் கிடைத்த என் செல்லப் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன்.

பெயர் தெரியாது. சிடியில் எழுத்து அழிந்துவிட்டது, உள்ளே எல்லாம் ஜப்பான் மொழி. பிஎஸ்1, வாள் சண்டை. படிவம் இரண்டில் முழு விடுமுறையும் இதுதான். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் திரை கறுப்பாகும், ஐந்து விநாடி ஒரு சத்தமும் இருக்காது, பிறகு அடுத்த கட்டம். கதையை ஒரு வார்த்தை கூடச் சொல்ல மாட்டார்கள். யாரை வெட்டினோம், ஏன் அழுகிறான், எல்லாம் நாமே ஊகிக்க வேண்டும். கடைசித் தலைவனை வீழ்த்திய பிறகும் அதே கறுப்பு, அதே அமைதி. பதினான்கு வயதில் அது என்னை உலுக்கியது. பிடிவாதமாக வைத்த குறை என்று நான் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.


ஐந்தாம்கட்டை | ஞாயிறு மதியம் 2:05

தம்பி, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஃபோர்க்லிஃப்டுக்கு வரும் முன்னால் இரண்டு வருடம் நான் பாசார் மாலாமில் சிடி மேசையில் நின்றேன். நீ சொல்கிற அங்கிளுக்கு எடுபிடி. பிளாஸ்டிக் உறையில் நகல் அட்டையைச் சொருகுவது என் வேலை.

அந்தக் கறுப்பு, வீடியோ இருந்த இடம். சில சரக்கில் வீடியோவை வெட்டிவிட்டுத்தான் சிடி போடுவார்கள். ட்ரீம்காஸ்ட்டில் இது இன்னும் மோசம். அசல் வட்டு ஏறக்குறைய ஒரு ஜிகாபைட் பிடிக்கும், நம் சாதாரண சிடி 700 மெகாபைட். மீதியை எங்கே வைப்பது? வீடியோவை வெட்டு, இல்லை பாட்டைச் சுருக்கு. பிஎஸ்2-இல் டிவிடி கேமைச் சிடியில் அடைத்ததும் அப்படித்தான். கஸ்டமர் வந்து, “அண்ணே, சத்தம் தகர டப்பா மாதிரி இருக்கு” என்பான். கேமே அப்படித்தான் என்று சொல்லச் சொல்லி அங்கிள் கற்றுக்கொடுத்திருந்தார். நானும் சொன்னேன். நூறு பேரிடம் சொல்லியிருப்பேன்.

நீ இருபது வருடமாகக் கும்பிட்டது ஜப்பான்காரனை இல்லை, கத்தரிக்கோல் பிடித்தவனை.


தே-ஓ-ஐஸ் | ஞாயிறு மதியம் 2:09

🤣🤣🤣 மூன்றாவது வகை!


ஆற்றோரம் | ஞாயிறு மதியம் 2:31

எங்கள் வீட்டில் பிஎஸ்1-ஐத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துத்தான் ஆடுவோம். பழைய மாடலில் லென்ஸ் ஏறி ஓடும் பிளாஸ்டிக் தேய்ந்துவிடும், நேராக வைத்தால் வீடியோ திக்கித் திக்கி வரும். கவிழ்த்தால் கொஞ்ச நாள் ஓடும். மேலே அண்ணனின் அறிவியல் புத்தகத்தைப் பாரமாக வைப்போம். அந்தப் புத்தகம் வேறு எதற்கும் பயன்பட்டதில்லை. அது தெரியாத காலத்தில் திக்கும் ஒவ்வொரு கேமையும் மட்டமான கேம் என்று பள்ளியில் சொல்லித் திரிந்தேன். இப்போது யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?


பால்மங்கு | ஞாயிறு மாலை 4:44

இரண்டு மணி நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அம்மா வேறு, பாத்திரங்களைக் கட்டு என்று கத்திக்கொண்டிருந்தார்.

சரி. தோற்றேன். ஆனாலும் அந்தக் கறுப்புத் திரை எனக்குப் பிடிக்கும். வீடியோவோடு யாராவது கொண்டுவந்தால் பார்க்கமாட்டேன்.

அப்படியானால் இதையும் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் சேர்ந்து அடியுங்கள். நியர், 2010, பிஎஸ்3. காவியா ஸ்டூடியோ செய்தது, யோகோ டாரோ இயக்கியது. பிஎஸ்3 நானும் தம்பியும் சேர்ந்து காசு போட்டு வாங்கியது. மீன் பிடிக்க வைத்தே ஆளைக் கொல்வார்கள், ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப ஓட வைப்பார்கள். ஆனால் இசைக்காகவும் அந்த மனிதர்களுக்காகவும் எல்லா ஆயுதங்களையும் சேர்த்து, மூன்று முடிவு வரை பார்த்தேன். எத்தனை இரவு! வேலைக்குப் போய்த் திரும்பினால் நான் சேமித்து வைத்த ஆட்டம், அதாவது என் சேவ், இல்லை. மொத்தமும் போயிருந்தது. தம்பிக்கு அப்போது பதினொன்று. “நான் அழிக்கல, கேமே அழிச்சிடுச்சு” என்றான். இப்படி ஒரு பொய்யா என்று ஒரு அறை விட்டேன். தண்டனையாக அவனுடைய அந்த வருடத் தீபாவளி அங்பாவ் (உறையில் வைத்துத் தரும் பணம்) மொத்தத்தையும் பிடுங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தக் கேமை நான் தொடவே இல்லை.

யாருமே கவனிக்காமல் விட்ட குறைக்கு இதுதான் என் கடைசி உதாரணம். சேவ் தானாக அழிந்ததாம்.


கிராணிமகள் | ஞாயிறு மாலை 5:10

பால்மங்கு, உட்கார்ந்துகொண்டு படியுங்கள். கதை தெரியக்கூடாது என்கிறவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிவிடுங்கள்.

உங்கள் தம்பி பொய் சொல்லவில்லை.

எல்லா ஆயுதங்களும் சேர்ந்தால்தான் மூன்றாவது முடிவும் நான்காவது முடிவும் திறக்கும். நான்காவதில், நாயகனோடு வரும் கைனே என்ற பெண்ணைக் காப்பாற்ற வேண்டுமானால் நீ இந்த உலகத்தில் இருந்ததற்கான அடையாளமே இருக்கக்கூடாது என்று கேம் கேட்கும். நிஜமாகவா, நிஜமாகவா என்று திரும்பக் கேட்கும். சம்மதித்தால் நம் கண் முன்னாலேயே மெனு திறந்து பொருள்கள், ஆயுதங்கள், செய்து முடித்த வேலைகள் எல்லாம் பக்கம் பக்கமாக அழியும். கடைசியில் சேவும் போய்விடும். பிறகு புதிதாகத் தொடங்கினாலும் பழைய பெயரை வைக்கவிடாது.

பிடிவாதமாக வைத்த குறை என்றால் அதுதான். பதினொரு வயதில் அந்தப் பையன் ஒருத்தியைக் காப்பாற்ற உங்கள் உழைப்பு முழுவதையும் கொடுத்திருக்கிறான். உங்களிடம் கேட்காமல் கொடுத்தது தப்புதான்.


புதுமுகம்2009 | ஞாயிறு மாலை 5:12

ஐயோ


ஐந்தாம்கட்டை | ஞாயிறு மாலை 5:26

அங்பாவ் எவ்வளவு தம்பி?


பால்மங்கு | ஞாயிறு இரவு 9:35

43 வெள்ளி. பச்சை உறையில் பெரியப்பா வைத்த இருபதும் அதில் சேர்த்தி. அந்தக் காசில்தான் நான் வேறு ஒரு கேம் வாங்கினேன்.

தம்பி இப்போது ஜோகூரில் வேலை பார்க்கிறான். இந்த இழையின் லிங்கை அனுப்பி, கிராணிமகள் அக்காவின் பதிவைப் படி என்று மட்டும் எழுதினேன். நான்கு மணி நேரம் இரண்டு நீலக் கோடு, பதில் இல்லை. இப்போதுதான் வந்தது.

“2021-இல் வந்த மறுபதிப்பில் இன்னொரு முடிவு சேர்த்திருக்காங்க. அதை முடிச்சா அழிஞ்ச சேவ் திரும்ப வந்துடும். நான் முடிச்சுட்டேன். உன் 43 வெள்ளி எப்போ திரும்ப வரும்?”

பேங்க் கணக்கு எண்ணையும் கீழே போட்டிருக்கிறான்.